பதினோராயிரத்து நானூறு பேர்

மின்விசிறிக்குக் காயில் கட்டும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். கம்பியைச் சுற்றச் சுற்ற மனதுக்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எண்ணிக்கை தவறினால் விசிறி பின்னால் தன் புத்தியைக் காட்டிவிடும். அப்படி நான் இருநூற்றுப் பதினேழில் இருந்தபோதுதான் அந்தப் பெண் வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் தலையணை கனத்துக்குப் படிவங்கள். பெருநகர எதிர்கால ரயில் வாரியத்திலிருந்து வருகிறாளாம். நகரம் நாலா பக்கமும் பெருகிக்கொண்டே போகிறதாம். இன்னும் நாற்பது வருடத்தில் யார் யார் எங்கெங்கே போவார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால்தான் அதற்கேற்றபடி ரயில் விட முடியுமாம். மொத்தம் நூற்று நாற்பது கேள்வி. காலையிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஏறி இறங்காத படி இல்லை, ஒருவர்கூட இருபதாவது கேள்வியைத் தாண்டவில்லை என்றாள். வெயிலில் முகம் வாடிப்போயிருந்தது. எண்ணிக்கைதான் போய்விட்டதே, இனி என்ன என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பொதுச் சேவை அது. அதற்குக் கிடைத்த பலனைத்தான் சொல்லப்போகிறேன்.

நாற்பது வருடம் கழித்து நான் அடிக்கடி எங்கே போவேன் என்று கேட்டாள். எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. சுடுகாட்டுக்கு என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த வண்டியில் என்று கேட்டாள். நாலு பேர் தோளில் என்றேன். பஸ், ரயில், சைக்கிள், நடை என்று கட்டம் கட்டமாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

எண்பத்தாறாவது கேள்வியில்தான் வினை வந்தது. கல்யாணமாகி வெளியே போன பிள்ளைகள் உண்டா, எங்கே இருக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறீர்கள்?

எனக்கு ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. பதினேழாம் நம்பர் பஸ் எங்கள் தெருமுனையில் கிளம்பி அவள் தெருமுனையில் போய் நிற்கும். இவ்வளவு வசதி இருந்தும் நான் அந்த வாசலை மிதித்து இரண்டு வருடமாகியிருந்தது. காரணம் மாப்பிள்ளை. வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் அவர் விற்பனையாளர். கல்யாணமான புதிதில் என் வீட்டில் உட்கார்ந்து, நான் காயில் கட்டிய விசிறிக்குக் கீழே காற்று வாங்கிக்கொண்டே, "இதையெல்லாம் எதுக்கு மாமா ரிப்பேர் பண்ணிக்கிட்டு? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட வேண்டியதுதானே" என்று கேட்ட மனிதர். நான் எழுந்து போய் விசிறியை அணைத்தேன். மகள் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். அதோடு சரி. வீட்டுக்காரி மட்டும் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு புதன்கிழமைதோறும் பதினேழில் போய் வருவாள். நடுவில் பேத்தி பிறந்தாள். அவளை நான் வீட்டுக்காரியின் போனில் பார்த்ததுதான்.

ஆனால் கடையில் அப்போது இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பெற்ற மகளைப் பார்க்கப் போவதில்லை என்று நாலு பேர் முன்னால் எவன் சொல்வான்?

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். தவறாம" என்றேன்.

டீயோடு பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மதியம் சாப்பாட்டில் உப்பே இல்லை.

ஆறு மாதம் கழித்து, மார்க்கெட் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம் ஒட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு அப்புறம் வரப்போகிற ரயில் தடங்கள். குழந்தை கையில் கலர்ப் பென்சில் பெட்டி கிடைத்த மாதிரி இருந்தது. ஏழு தடத்தோடு நிறங்கள் தீர்ந்துபோயிருக்க வேண்டும், எட்டாவதற்கு 'சற்றே நீலம்' என்றும் ஒன்பதாவதற்கு 'மிகச் சற்றே நீலம்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பத்தாவது, கத்தரிப்பூ வழித்தடம். அதில் இரண்டே நிலையங்கள். ஒன்று சரியாக என் கடை மேல். அங்கிருந்து கோடு எங்கேயும் வளையாமல், யாரையும் விசாரிக்காமல், ஆற்றைத் தாண்டி நேராகப் போய் என் மகள் வீட்டுச் சமையலறையில் முடிந்தது.

அந்த வாரமே வாரியத்திலிருந்து கணிப்பாளர் வந்தார். எந்தத் தடத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"சார், நீங்க ஒருத்தர் இல்ல. எங்க கணக்குல நீங்க பதினோராயிரத்து நானூறு பேர்" என்றார்.

அது எப்படி என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வட்டாரத்தில் நூற்று நாற்பது கேள்விக்கும் பதில் சொன்ன ஒரே ஆள் நான்தான். மற்றவர்களை என்ன செய்வது? அவர்களும் என்னை மாதிரிதான் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, இங்கே பதினோராயிரத்து நானூறு பேருக்கு வயது ஐம்பத்தெட்டு, எல்லாரும் காயில் கட்டுகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே மகள், அத்தனை மகள்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே தெருவில். ஞாயிறுதோறும் அத்தனை பேரும் கிளம்புகிறார்கள். இவ்வளவு பாசமான வட்டாரத்தை எந்த நகரத்திலும் பார்த்ததில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், மேலிடத்திலிருந்து மூன்று நிபுணர்கள் என் பயணத்தைக் கூடவே வந்து சரிபார்க்கப் போகிறார்கள், எந்த ஞாயிறு தோதுப்படும் என்று கேட்டார். உள்ளேயிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லுங்க. பத்து மணி பஸ்."

இரண்டரை வருடமாக அவள் கெஞ்சியும் நடக்காததை ஒரு வாரியம் நடத்திக் கொடுக்கப் போகிறது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

நிபுணர்கள் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். நான் செருப்பை மாட்டுவதற்கு ஆன நேரத்தை 'புறப்பாட்டுத் தயக்கம், நாலு நிமிடம்' என்று எழுதிக்கொண்டார். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் மூவரும் உட்கார்ந்து, நான் ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏதோ குறித்தார்கள். மகள் வீட்டு வாசலில் மணியை அழுத்தப் போன என் விரல் அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். வீட்டுக்காரிதான் எட்டி மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவள் இடுப்பில் பேத்தி. போனில் பார்த்ததைவிடக் கன்னம் பெரிதாக இருந்தது. நிபுணர்களில் மூத்தவர் என்னை முந்திக்கொண்டு, உங்கள் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவது உண்மையா என்று கேட்டார். மகள் அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். என் மானம் அவள் வாயில் இருந்தது.

"ஆமா. ஒரு வாரம்கூட விட்டதில்ல" என்றாள். பிறகு கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்கப்பா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கென்ன வெட்கம்? இளைய நிபுணர் அதைக் கவனித்து, காற்று மாசு என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் ஒரு விசிறி நொண்டிக்கொண்டு சுற்றியது. கல்யாணத்துக்கு நான் கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளையின் கடையில் புது விசிறிகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன என்று எனக்குத் தெரியும். அவர் நாற்காலிகளைப் போட்டபடி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாத்திடலாம்னு சொன்னேன் மாமா. அப்பா வந்து பார்ப்பாருன்னு சொல்லிட்டா." நான் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். கண்டென்சர் போயிருந்தது, வேறொன்றுமில்லை. அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாற்றினேன். அதற்கு அடுத்த ஞாயிறு சுவிட்ச் ஒன்று. அதற்கும் அடுத்த ஞாயிறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. ஐந்து மாதத்தில் பேத்தி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டாள்.

பதினோராயிரத்து நானூறு பேராக இருப்பதில் சில தொல்லைகள் இருந்தன. ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. திங்கட்கிழமை காலை சுகாதாரத் துறை வண்டி கடை வாசலில் நிற்கிறது. ஒரே வட்டாரத்தில் ஒரே நாளில் பதினோராயிரத்து நானூறு பேருக்குக் காய்ச்சல் என்று அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறது. என் கடைக்குள் மட்டும் புகை அடித்தார்கள். டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து இரண்டு மாத்திரை கொடுத்தார். மறுநாள் நான் கடை திறந்ததும், கொள்ளைநோய் முற்றிலும் கட்டுப்படுத்தப்பட்டது என்று அறிக்கை விட்டார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கத்தரிப்பூ வழித்தடத்துக்கு ஒதுக்கப்பட்ட பயணிகளைப் பதினேழாம் எண் பேருந்து தொடர்ந்து ஏற்றிச் செல்வதால், ஒரே பயணி இரண்டு இடங்களில் எண்ணப்படும் பிழை நேர்கிறது. எனவே வரும் முதல் தேதியிலிருந்து இப்பேருந்து நிறுத்தப்படுகிறது.'

வீட்டுக்காரி அதை இரண்டு தடவை படித்தாள். பதினேழு இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும், நடுவில் ஆற்றுப் பாலத்துப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். அவள் முழங்காலுக்கு அது ஆகாத காரியம். முழங்காலைத் தடவிக்கொண்டே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நேராக வாரியத்துக்குப் போனேன்.

வாரியத்தின் மாடியில் ஒரு பெரிய அறை. அறை நிறைய மேசை, மேசை நிறைய நகரம். தீப்பெட்டி அளவில் வீடுகள், கடுகு அளவில் மனிதர்கள், என் கடை மேல் 'கத்தரிப்பூ நிலையம்' என்று கொடிகூட நட்டிருந்தார்கள். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பொம்மை ரயில் பாலத்து நடுவில் நின்றுவிட்டதாம். மறுநாள் மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். உள்ளே நுழையும்போதே எனக்குக் கருகல் வாசனை அடித்துவிட்டது. காயில் போயிருக்கிறது. அந்த வாரியத்திடம் இருந்ததே அந்த ஒரு ரயில்தான். என்ன செய்வது, தொழில் புத்தி. வந்த காரியத்தை மறந்து அதைப் பிரித்துவிட்டேன்.

தலைமுடி கனத்தில் கம்பி, கட்டைவிரல் அளவு மோட்டார். நான் எண்ணிக்கொண்டிருக்க, இயக்குநர் பேசிக்கொண்டேயிருந்தார். இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது.

"தண்டவாளம் போடறது ஒரு பெரிய விஷயமே இல்லைங்க. யாரு வேணும்னாலும் போடலாம். போட்டா என்ன ஆகும்? துருப்பிடிக்கும். கூட்டம் வரும். லேட்டாகும். ஜனங்க திட்டுவாங்க. எங்க ரயில் இருபத்தாறு வருஷமா ஒரு நிமிஷம்கூட லேட்டானதில்ல. இன்னைய வரைக்கும் ஒரு பயணி, ஒரே ஒரு பயணி, புகார் சொன்னதில்ல."

ரயில் எப்போது வரும் என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து என் மோட்டார் ஓடத் தொடங்கியது. "இதோ, வந்துடுச்சே" என்று கை தட்டினார் இயக்குநர். ரயில் என் கடையிலிருந்து புறப்பட்டுப் பதினோரு விநாடியில் என் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தான் யாராலும் முடியாது.

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அதையெல்லாம் இங்கே கேட்க விதி இல்லை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார். போகும்போது மோட்டாருக்கு நன்றி சொன்னார்.

கூட்டத்துக்கு எங்கள் தெருவே வந்திருந்தது. வீட்டுக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் இயக்குநர், பக்கத்தில் கணிப்பாளர், மேசை மேல் ஒரு மணி. நான் எழுந்து, பதினோராயிரத்து நானூறு பேர் சார்பாகப் பேசுகிறேன் என்று தொடங்கினேன். இயக்குநர் சிரித்தபடி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பயணம் பண்ணும்போதுதாங்க நீங்க அத்தனை பேர். கேள்வி கேக்கும்போது ஒருத்தர்தான். மூணு நிமிஷம்."

எனக்கு முன்கோபம் உண்டு. அந்த மூன்று நிமிடத்தில் எதைச் சொன்னால் இந்தக் கோடு அழியுமோ அதைச் சொன்னேன். வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"நான் சொன்னது பொய். அன்னைக்கு நான் என் மகளைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. வீம்பு. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வாராவாரம் போறேன்னு சொன்னேன். அந்தக் கோட்டை அழிச்சிடுங்க. பஸ்ஸ மட்டும் விட்டுடுங்க."

வீட்டுக்காரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணிப்பாளருக்கு வேர்த்துவிட்டது. பாசமான வட்டாரம் அவர் கண்முன்னே நொறுங்குகிறது. அவரும் இயக்குநரும் ஏதோ குசுகுசுத்தார்கள். இயக்குநர் மைக்கை நெருங்கினார்.

"அப்படின்னா பதினோராயிரத்து நானூறு பேரும் அந்தப் பக்கம் போறதே இல்ல. யாரும் போகாத இடத்துக்குப் பஸ் எதுக்குங்க?"

இப்போது போகிறேனே, வாராவாரம் போகிறேனே என்று கத்தினேன்.

"போறீங்கன்னா உங்களுக்குத்தான் ரயில் இருக்கே."

மணி அடித்துவிட்டார்கள். கை தட்டல் வேறு. போகாவிட்டாலும் பஸ் இல்லை, போனாலும் பஸ் இல்லை என்பதை இவ்வளவு சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. கூட்டக் குறிப்பில், 'பயணி ஒருவர் தம் சொந்த அனுபவத்தைக் கூறித் திட்டத்தை வரவேற்றார்' என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

முதல் தேதியிலிருந்து பதினேழு நின்றது. முதல் ஞாயிறு நாங்கள் வேறு பஸ்ஸில் பாலம் வரை போனோம். பாலத்துக்கு அறுபத்து நாலு படி. முப்பதாவது படியில் வீட்டுக்காரி உட்கார்ந்துவிட்டாள். நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்றாள். எப்படிப் போவேன்? இரண்டு பேரும் திரும்பிவிட்டோம். அன்று நான் அந்த இயக்குநரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிறு காலை கடை வாசலில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை. ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றுகொண்டு, முதல் தடவை அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன், அப்புறம் நீங்கள் என்றார். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் பேசியது அவர் காதுக்கும் போயிருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. போய், வந்து, மறுபடி போய், சாயங்காலம் அதே மாதிரி எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, கடைசியில் தன் வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் எட்டு தடவை ஆற்றைத் தாண்டினார். அதுவோ ஏழு உதை உதைத்தால்தான் கிளம்பும் கிழட்டு வண்டி. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அடுத்த வாரம் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். இப்போது மூன்று உதையில் கிளம்புகிறது. அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

போன வாரம் நான் நூற்று அறுபதில் இருந்தபோது, "சார், ஒரு நிமிஷம்" என்று குரல் கேட்டது. அதே பெண். மறு கணக்கெடுப்பாம், இப்போது இருநூற்றுப் பத்துக் கேள்வி. விரட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதே வெயில், அதே வாடிய முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வீட்டுக்காரி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பின்னால் நின்றுகொண்டாள்.

மகள் வீட்டுக்கு எந்த வண்டியில் போகிறீர்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போகிறார் என்றேன். அதற்குக் கட்டம் இல்லை. பஸ், ரயில், சைக்கிள் என்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'மற்றவை'யில் டிக் போட்டாள். நாலு பேர் தோளில் போவதற்கும் அதே கட்டம்தான்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை சார்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். தவறாம" என்றேன்.

அவள் பழைய படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். போன தடவையும் இதையேதான் சொல்லியிருக்கிறீர்கள் என்றாள்.

பின்னாலிருந்து வீட்டுக்காரி சொன்னாள்: "இந்தத் தடவை அது நெஜம்மா. அப்படின்னு எழுதிக்கோ."

அந்தப் பெண் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். உண்மையாகவே தேடித்தான் பார்த்தாள்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, 'மாற்றம் இல்லை' என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போனாள்.